‘பிக் அப்’: எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது

கொழும்பிலிருந்து வரும் ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று போகிறவர்களுக்குத் தண்டவாளம் இல்லை. பஸ் ஏற வேண்டும், அல்லது வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும். அப்படி வருகிறவர் உதயதேவி ரயிலில் இருக்கும் உறவினருக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினால் அது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘ஐ வில் பிக் யூ அட் த ஸ்டேஷன்.’

சொல்ல வந்தது, ‘ஸ்டேஷனுக்கு வந்து உங்கள ஏத்திக்கொண்டு போறன்’ என்பது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு அது, ‘ஸ்டேஷனில் வைத்து உங்களைத் தெரிவு செய்வேன்’ என்று படும். விடுபட்டது ‘அப்’ என்ற சின்னச் சொல் மட்டுமே. ‘ஐ வில் பிக் யூ அப் அட் த ஸ்டேஷன்’ என்பதே சரி. இலங்கையிலும் இந்தியாவிலும் ‘அப்’ இல்லாமல் பேசுகிறவர்கள் ஏராளம், அதனால் நமக்குள் விளங்கிவிடும். விண்ணப்பக் கடிதத்திலும் பரீட்சைத் தாளிலும் அது பிழைதான்.

ஆங்கில வாக்கியங்களை இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் ‘அப்’ எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

‘பிக்’ வேறு, ‘பிக் அப்’ வேறு

‘பிக்’ என்று தனியாகச் சொன்னால் இரண்டு பொருள்தான் முக்கியம். ஒன்று, பலவற்றில் ஒன்றைத் தெரிவு செய்வது: ‘பிக் எ கலர்.’ மற்றது, செடியிலிருந்தோ மரத்திலிருந்தோ ஆய்வது. ‘பிக் த மேங்கோஸ்’ என்றால் மரத்தில் காய்த்துத் தொங்கும் மாங்காயை ஆய வேண்டும். ‘பிக் அப் த மேங்கோஸ்’ என்றால் காற்றுக்கு உதிர்ந்து நிலத்தில் கிடப்பவற்றைப் பொறுக்க வேண்டும். ஒரே மரம், ஒரே மாங்காய், வேலைதான் வேறு. சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

‘அப்’ என்பதை ‘மேலே’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ஸ்டேஷனில் நிற்கிற மாமாவை யாரும் மேலே தூக்குவதில்லையே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தரையில் கிடந்ததைக் குனிந்து கையில் எடுப்பதுதான் இந்த வினையின் அடிப்படைப் பொருள். மற்றப் பொருள்கள் அதிலிருந்து விரிந்தவை. ஓரிடத்தில் கிடந்ததோ, காத்திருந்ததோ, காற்றில் மிதந்து வந்ததோ உங்களிடம் வந்து சேர்கிறது, பிறகு உங்களோடு வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பொருள்களில் பாதியையாவது அகராதி பாராமல் ஊகிக்கலாம்.

பெயர்ச்சொல்லும் பிரதிப்பெயரும்

பொருள்களுக்குப் போகுமுன் சொற்களின் வரிசையைப் பார்த்துவிட வேண்டும். பொருள் தெரிந்த மாணவர்களும் பிழை விடுவது இங்கேதான்.

‘பிக் அப்’ பிரியக்கூடிய வினை. பார்சலை எடுக்கச் சொல்ல ‘பிக் அப் த பார்சல்’ என்றும் சொல்லலாம், ‘பிக் த பார்சல் அப்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரி, பொருளில் வேறுபாடு இல்லை. ஆனால் ‘த பார்சல்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக ‘இட்’ வந்தால் வழி ஒன்றுதான்: ‘பிக் இட் அப்.’ ‘பிக் அப் இட்’ என்று ஆங்கிலத்தில் இல்லை. மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் ஆகிய ஏழும் எப்போதும் ‘பிக்’குக்கும் ‘அப்’புக்கும் நடுவில்தான் வரும். ‘பிக் ஹெர் அப்’, ‘பிக் அஸ் அப்’, ‘பிக் தெம் அப்’ என்று ஏழையும் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டால், பிறகு ‘பிக் அப் ஹெர்’ என்பது காதுக்கே ஒவ்வாது.

இந்தப் பிழைக்குக் காரணம், வினைகளை ‘பிக் அப் = தூக்கு’ என்று அட்டவணையாகப் பாடமாக்குவது. இரண்டு சொல்லும் ஒட்டிய ஒரே வினையாக மனதில் பதிந்துவிடுகிறது. அதனால் குறிப்புக் கொப்பியில் எழுதும்போதே ‘பிக் இட் அப்’ என்று நடுவில் ‘இட்’ வைத்து எழுதுவது நல்லது. ‘புட் இட் ஆஃப்’, ‘டர்ன் இட் டவுன்’ போன்ற மற்றப் பிரியும் வினைகளுக்கும் இதே பழக்கம் உதவும்.

செயப்படுபொருள் நீளமாக இருந்தால் நிலைமை மாறும். மருதமுனையில் அத்தை சொல்லிவைத்த கைத்தறிச் சேலைகளை வாங்கி வரச் சொல்ல, ‘பிக் அப் த சாரீஸ் யுவர் ஆன்ட் ஆர்டர்ட் இன் மருதமுனை’ என்று ‘அப்’பை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். சேலைகள், அத்தை, மருதமுனை எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கடைசியில் ‘அப்’ போட்டால், அது எந்த வினையோடு சேர்ந்தது என்று கேட்பவர் தேட வேண்டியிருக்கும்.

‘அப்’ வந்தாலே பிரிக்கலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ‘வீ வாக்ட் அப் குடும்பிமலை’ என்ற வாக்கியத்தில் ‘அப்’ மலையோடு சேர்ந்தது, வினையோடு சேர்ந்ததல்ல. அங்கே ‘வீ வாக்ட் அப் இட்’ என்பதே சரி, ‘வாக்ட் இட் அப்’ பிழை. எந்த வகை என்று சந்தேகம் வந்தால், பெயர்ச்சொல்லை நடுவில் வைத்துப் பாருங்கள். ‘பிக்ட் த பார்சல் அப்’ இயல்பாக இருக்கிறது. ‘வாக்ட் த மவுன்டன் அப்’ இயல்பாக இல்லை.

காலம் காட்டும் விகுதி ‘பிக்’கில்தான் சேரும்: பிக்ஸ் அப், பிக்ட் அப், பிக்கிங் அப். வினையாக வரும்போது இரண்டு சொல்லாக எழுத வேண்டும், ஓசை அழுத்தம் ‘அப்’பில் விழும். பெயர்ச்சொல்லாக வரும்போது ஒரே சொல்லாகவோ நடுவில் சிறு கோடு போட்டோ எழுதுவார்கள், அழுத்தம் ‘பிக்’கில் விழும். பாடசாலை வான்காரரின் அட்டையில் ‘பிக்-அப் டைம் 6.45’ என்று இருப்பது பெயர்ச்சொல். அதே வான்காரர் ‘ஐ பிக்அப் த சில்ட்ரன்’ என்று ஒட்டி எழுதினால் பிழை. பின்பக்கம் திறந்த சாமான் வாகனத்துக்கும் பிக்-அப் என்ற பெயர் உண்டு. நம் பக்கம் அந்த வகை வாகனத்தைப் பலர் ‘கப்’ என்றே சொல்வதால் குழப்பம் குறைவு.

ஆளை ஏற்றுவது

அன்றாடம் அதிகம் தேவைப்படும் பொருள் இது. ‘கேன் யூ பிக் மீ அப் அட் ஃபைவ்?’ என்றால் ஐந்து மணிக்கு வந்து ஏற்றுவீர்களா என்று கேட்பது. இடத்தைச் சொல்ல ‘அட்’ அல்லது ‘ஃப்ரம்’ வரும்: ‘பிக் மீ அப் ஃப்ரம் த பஸ் ஸ்டாண்ட்.’

தமிழில் ‘கல்முனைக்கு ஏத்திக்கொண்டு போ’ என்று ஒரே வினைக்குள் போய்ச்சேரும் இடத்தையும் அடக்கிவிடலாம். ஆங்கிலத்தின் ‘பிக் அப்’புக்குள் ஏறும் இடம் மட்டும்தான் இருக்கிறது. ‘பிக் மீ அப் டு கல்முனை’ என்பது பிழை. ‘பிக் மீ அப் அண்ட் டேக் மீ டு கல்முனை’ என்று இரண்டு வினை வேண்டும். கொண்டுபோய் இறக்கிவிடுவதற்கு ‘டிராப் ஆஃப்’: ‘டிராப் மீ ஆஃப் அட் த ஹாஸ்பிடல்.’ இதுவும் பிரியும் வினை, ‘மீ’ நடுவில்தான். அறுகம்பையில் ஓட்டோ ஓடுகிறவர்களுக்கு இந்த இரண்டு வினையும் சரியாக வந்தால் வெளிநாட்டுப் பயணியோடு நேரமும் இடமும் பேசி முடிப்பதில் பாதிக் கரைச்சல் குறையும். ‘ஐ பிக் யூ அப் ஹியர், சிக்ஸ் ஓ’க்ளாக்’ என்பதில் இலக்கணம் முழுமையில்லை, ஆனால் ‘அப்’ சரியான இடத்தில் இருப்பதால் குழப்பம் வராது.

சாமானுக்கும் இதே பொருள் பொருந்தும். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கி வருவது, மருந்துக் கடையில் மருந்து எடுத்து வருவது, வரும் வழியில் பாண் வாங்கி வருவது எல்லாமே ‘பிக் அப்’. ‘பிக் அப் சம் பிரெட் ஆன் யுவர் வே ஹோம்’ என்றால் அதற்கென்று தனியாகக் கிளம்ப வேண்டாம், வரும் வழியில் வாங்கிக்கொண்டு வா என்று அர்த்தம். கல்யாணத்துக்கு நகை தெரிந்து வாங்குவதற்கும் வீட்டுக்குக் காணி வாங்குவதற்கும் இந்த வினை பொருந்தாது. அங்கே ‘பை’ என்றே சொல்ல வேண்டும்.

போன், சிக்னல், மீன்பாட்டு

போனுக்குத் தமிழிலும் ‘எடு’ என்றுதான் சொல்கிறோம், அதனால் இது சுலபம். ‘பிக் அப் த ஃபோன்.’ ‘ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்’ என்று செயப்படுபொருளே இல்லாமலும் சொல்லலாம், அவர் எடுக்கிறாரில்லை என்று பொருள். ‘பிக் த கால்’ என்பதும் ‘அட்டென்ட் த கால்’ என்பதும் நம் பகுதிப் பேச்சுக்கு வெளியே எடுபடாது. ‘ஆன்சர் த கால்’ எங்கும் சரி.

கருவி ஒன்று ஒலியையோ அலையையோ பிடிப்பதும் ‘பிக் அப்’. இதை விளக்க மட்டக்களப்பு வாவியைவிடப் பொருத்தமான இடம் வேண்டியதில்லை. கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில், அமைதியான நிலாக்கால இரவில், தோணியின் துடுப்பை நீருக்குள் இறக்கி அதன் மறுமுனையைக் காதோடு வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது ஊர் வழக்கு. ‘த ஓர் பிக்ஸ் அப் த சவுண்ட் ஃப்ரம் த வாட்டர்’ என்று அதைச் சொல்லலாம். துடுப்புக்குப் பதில் ஒலிவாங்கி இறக்கினாலும் வினை அதுவே: ‘த மைக்ரோஃபோன் பிக்ட் அப் எ ஸ்ட்ரேன்ஜ் ஹம்.’ நாய் மோப்பம் பிடிப்பது, ரேடியோ தூரத்து அலைவரிசையைப் பிடிப்பது, படுவான்கரைப் பக்கம் போனபின் போனில் சிக்னல் பிடிக்காமல் போவது எல்லாம் இதற்குள் அடங்கும். ‘மை ஃபோன் காண்ட் பிக் அப் எ சிக்னல் ஹியர்.’

கேட்டுப் பழகுவதும் தொற்றுவதும்

அம்பாறை நகரச் சந்தையில் யாவாரம் செய்யும் தமிழ் பேசுகிறவர்கள் பலருக்குச் சிங்களம் தெரியும். வகுப்புக்குப் போய்ப் படித்திருக்க மாட்டார்கள், கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பார்கள். ‘ஷீ பிக்ட் அப் சிங்களா அட் த மார்க்கெட்’ என்பது அதைத்தான் சொல்கிறது. ஆசிரியர், பாடத்திட்டம், பரீட்சை எதுவும் இல்லாமல் புழக்கத்தில் வந்து சேர்ந்த அறிவுக்கே இந்த வினை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் விண்ணப்பத்தில் ‘ஐ பிக்ட் அப் மை டிகிரி’ என்று எழுதினால், சான்றிதழைப் போய் வாங்கி வந்ததாகத்தான் படும். பட்டப்படிப்புக்கு ‘ஸ்டடீட்’, ‘கம்ப்ளீட்டட்’ போன்ற வினைகள்தான் வேண்டும். ஒன்றை விரும்பித் தொடங்குவதற்கு ‘டேக் அப்’ என்று வேறொரு வினை இருக்கிறது. ‘ஹீ டுக் அப் ஸ்விம்மிங்’ என்றால் நீச்சல் பழக முடிவெடுத்துத் தொடங்கினார்.

பழக்கவழக்கங்களும் உச்சரிப்பும் இப்படியே தொத்தும்: ‘ஹீ பிக்ட் அப் சம் பேட் ஹேபிட்ஸ்.’ நோயும் அப்படித்தான், ஆனால் எல்லா நோயும் அல்ல. தடிமன், வயிற்றோட்டக் கிருமி, காயத்தில் வரும் தொற்று போன்று வெளியிலிருந்து வந்து ஒட்டுபவற்றுக்கே ‘பிக் அப்’ பொருந்தும்: ‘ஐ பிக்ட் அப் எ கோல்ட் ஆன் த பஸ்.’ நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் போன்றவை உடலுக்குள் மெல்ல உருவாகுபவை. அவற்றுக்கு ‘டெவெலப்’ என்பார்கள். ‘ஹீ பிக்ட் அப் டயபெடிஸ்’ என்று சொன்னால் நீரிழிவு தொற்று நோய் என்றாகிவிடும். தாதியர் படிப்புக்குப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை அழுத்தமாகப் பதித்துக்கொள்ள வேண்டும்.

செயப்படுபொருள் வேண்டாத இடம்

நிலைமை தேறுவது, சூடு பிடிப்பது, வலுப்பது ஆகியவற்றுக்கும் ‘பிக் அப்’ வரும். இங்கே எடுக்கிறவரும் இல்லை, எடுக்கப்படும் பொருளும் இல்லை. அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்கும் நாட்களில் ‘பிசினஸ் பிக்ஸ் அப் இன் மே’ என்று சொல்லலாம். கச்சான் காற்று வலுக்கும்போது ‘த விண்ட் இஸ் பிக்கிங் அப்.’ இந்தப் பொருளில் ‘பிசினஸ் வாஸ் பிக்ட் அப்’ என்று செயப்பாட்டுவினை ஆக்க முடியாது. யாரோ வந்து யாவாரத்தைத் தூக்கிக்கொண்டு போனது போலாகிவிடும். உடல்நிலைக்கும் இது பொருந்தும்: ‘ஷீ வாஸ் வெரி வீக், பட் ஷீ இஸ் பிக்கிங் அப் நௌ.’

‘பிக் அப் ஸ்பீட்’ என்பது கொஞ்சம் வித்தியாசமானது. பஸ் வேகமெடுப்பதைச் சொல்லும் அந்தத் தொடரில் ‘ஸ்பீட்’ செயப்படுபொருள்தான், ஆனாலும் ‘பிக்ட் ஸ்பீட் அப்’ என்று யாரும் பிரிப்பதில்லை. கடையில் எல்லோருக்குமாகக் காசு கொடுப்பதைச் சொல்லும் ‘பிக் அப் த பில்’ என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்வது நல்லது. ‘ஹீ பிக்ட் த பில் அப்’ என்றால் பில் துண்டைக் கையில் எடுத்ததாகவும் படலாம். விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு ‘லெட்ஸ் பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்.’ வகுப்பறையில் பயன்படும் வாக்கியம், அப்படியே மனப்பாடம் செய்யலாம்.

கவனமாகக் கையாள வேண்டிய இரண்டு

முன்பின் தெரியாத ஒருவரை, பெரும்பாலும் ஒரு பெண்ணை, பாலியல் நோக்கத்தோடு பேச்சுக் கொடுத்து வசப்படுத்துவதற்கும் பேச்சாங்கிலத்தில் ‘பிக் அப்’ என்பார்கள். ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள் லாஸ்ட் நைட்’ என்று, தங்கையை டியூஷனிலிருந்து ஏற்றி வந்ததைச் சொல்ல நினைத்தவர் சொன்னால் கேட்பவர் வேறொன்றை விளங்கிக்கொள்வார். ‘மை சிஸ்டர்’ என்று உறவைச் சொல்லி, எங்கிருந்து என்பதையும் சேர்த்தால் பிரச்சினை இல்லை: ‘ஐ பிக்ட் அப் மை சிஸ்டர் ஃப்ரம் ஹெர் கிளாஸ்.’

மற்றது இந்த மண்ணுக்கு நெருக்கமானது. 1990களில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மனித உரிமை அறிக்கைகளில் ‘ஹீ வாஸ் பிக்ட் அப்’ என்ற தொடர் வரும். அங்கே அது பிடித்துக்கொண்டு போனதைச் சொல்கிறது. பொலிசாரோ படையினரோ ஆயுதம் தாங்கிய வேறு யாருமோ ஒருவரைக் கொண்டுபோவதற்குப் பேச்சாங்கிலத்தில் இந்த வினை வழங்குகிறது. காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக ஆங்கிலத்தில் மனுவோ கடிதமோ எழுதிக்கொடுக்கும் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். சட்டப்படி கைதானதா, வெறுமனே கொண்டுபோனதா, கடத்தலா என்பதை ‘பிக்ட் அப்’ வேறுபடுத்திக் காட்டாது. பதிவோடு நடந்த கைதுக்கு ‘அரெஸ்டட்’, வலிந்து கொண்டுபோனதற்கு ‘டேக்கன் அவே’, கடத்தலுக்கு ‘அப்டக்டட்’ என்று எழுதி, யார், எங்கே, எந்தத் திகதியில் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்க்க வேண்டும்.

ஒரு சொல் கூடினால்

‘பிக் அப் ஆன்’ என்று மூன்று சொல் சேர்ந்தால், வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றைக் கவனித்துப் பிடித்துக்கொள்வது. ‘த டீச்சர் பிக்ட் அப் ஆன் ஹிஸ் சேட்னஸ்’ என்றால் அவன் வாய் திறக்காமலே அவன் கவலையை ஆசிரியர் கவனித்துவிட்டார். இது பிரியாது, ‘ஹிம்’, ‘இட்’ எல்லாம் கடைசியில்தான் வரும்: ‘பிக்ட் அப் ஆன் இட்.’ இதிலிருந்து ‘அப்’ விழுந்து ‘பிக் ஆன்’ ஆகிவிட்டால் பொருள் அடியோடு மாறி, ஒருவரையே குறிவைத்துத் தொந்தரவு செய்வது என்றாகும். ‘த டீச்சர் பிக்ட் ஆன் ஹிம்’ என்பது ஆசிரியர் மேல் வைக்கும் குற்றச்சாட்டு.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் விழுங்க வேண்டாம். ஆளை ஏற்றுவது, சாமான் எடுத்து வருவது, போன் எடுப்பது, கேட்டுப் பழகுவது, நிலைமை தேறுவது ஆகிய ஐந்தும் முதலில் வாய்க்கு வரட்டும். கீழே உள்ள ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

‘அவங்கள நாலு மணிக்குக் களுவாஞ்சிக்குடியில ஏத்து.’ ‘உம்மா மருந்து எழுதிவச்சிருக்கா, வரக்குள்ள அத எடுத்துக்கொண்டு வா.’ ‘மூணு தரம் அடிச்சன், அவர் எடுக்கல்ல.’ ‘அவன் ஓட்டோ ஓடி ஓடியே இங்கிலிஷ் பழகிட்டான்.’ ‘மழ விட்ட பிறகு யாவாரம் எழும்பிட்டு.’

விடைகள் இவை. ‘பிக் தெம் அப் அட் ஃபோர் இன் களுவாஞ்சிக்குடி.’ ‘மதர் ஹேஸ் ரிட்டன் டவுன் எ மெடிசின், பிக் இட் அப் ஆன் யுவர் வே.’ ‘ஐ கால்ட் த்ரீ டைம்ஸ், பட் ஹீ டிடின்ட் பிக் அப்.’ ‘ஹீ பிக்ட் அப் இங்கிலிஷ் டிரைவிங் எ த்ரீ-வீலர்.’ ‘பிசினஸ் பிக்ட் அப் ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட்.’ முதல் இரண்டிலும் ‘தெம்’, ‘இட்’ நடுவில் நிற்கின்றன. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் செயப்படுபொருளே இல்லை. நாலாவதை ‘ஹீ பிக்ட் இங்கிலிஷ்’ என்று எழுதியிருந்தால், பாடத்தெரிவுப் படிவத்தில் அவன் ஆங்கிலத்துக்கு நேரே அடையாளமிட்டதாக ஆகியிருக்கும்.